மன்னார் உப்பும் சாம்பல் சீமெந்தும்

மன்னார்த் தீவில் ஒரு கட்டடத்தின் நலத்தை அறியச் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தூண்களின் மூலைகளையும், யன்னலுக்கு மேலுள்ள லிண்டலின் அடிப்பக்கத்தையும் பார்த்தால் போதும். முதலில் கம்பி ஓடும் திசையிலேயே ஒரு மயிரிழை வெடிப்பு விழும். பிறகு அந்த வெடிப்பிலிருந்து செந்நிறக் கசிவு இறங்கும். இரண்டொரு மாரி கழிந்து பார்த்தால் கொங்கிறீற் தகடு தகடாகப் பெயர்ந்து கிடக்கும். உள்ளே இரும்புக் கம்பி பொருக்குவிட்டு உரிந்து நிற்கும். பேசாலையிலும் தலைமன்னாரிலும் பள்ளிமுனையிலும் கடலோரமாக வாழ்பவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. வீட்டுக்காரர் மேசனைக் குறை சொல்வார், மேசன் சீமெந்தைக் குறை சொல்வார். அந்தக் குறைக்கு இப்போது ஒரு காரணமும் கைவசம் இருக்கிறது: "இப்ப வாற சீமெந்தெல்லாம் சாம்பல் கலந்தது தம்பி, முந்தின சீமெந்து மாதிரி வராது."

சாம்பல் கலந்தது என்பது உண்மை. அனல்மின் நிலையத்தில் எரிந்து முடிந்த நிலக்கரியின் சாம்பல், இரும்பு உருக்கும் உலையில் மிஞ்சும் கசடு முதலிய கழிவுகளைச் சேர்த்து அரைத்த சீமெந்து இன்று உலகெங்கும் விற்பனையில் இருக்கிறது. இலங்கையிலும் அப்படித்தான். ஆனால் அதனால்தான் தூண் வெடிக்கிறது என்ற முடிவு தவறு. உப்புக் கரையில் சாம்பல் கலந்த சீமெந்து, கலக்காத சீமெந்தைவிட நெடுங்காலம் நிற்கக்கூடியது. அது அப்படி நிற்க வேண்டுமானால் கட்டிய முதல் இரண்டு கிழமைகளில் அதற்கு நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டும். மன்னாரில் கிடைக்காமல் போவது அந்தத் தண்ணீர்தான். சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது.

கொங்கிறீற்றைக் கல் என்று நாம் நினைத்துக்கொண்டாலும், உள்ளே அது நுண்துளைகள் பின்னிக் கிடக்கும் பொருள். கலவையில் ஊற்றும் தண்ணீரில் ஒரு பகுதி மட்டுமே சீமெந்தோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. மிச்சத் தண்ணீர் நின்ற இடங்கள் துளைகளாக எஞ்சுகின்றன. அந்தத் துளைகளுக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் இருக்கும். அது கடும் காரத்தன்மை கொண்டது, பீஎச் 12.5க்கும் மேல். இந்தக் காரம்தான் உள்ளே கிடக்கும் கம்பிக்குப் பாதுகாப்பு. காரச் சூழலில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று உருவாகிறது. அந்தப் படலம் கலையாதவரை ஈரமும் காற்றும் பட்டாலும் கம்பி துருப்பிடிப்பதில்லை.

அதைக் கலைப்பது குளோரைட்டு. கடல்நீரின் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதில் 19 கிராம் அளவு குளோரைட்டு. அது கடலோடு நின்றுவிடுவதுமில்லை. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை சோளகம் வீசும்போது அலையின் நுரையிலிருந்து தெறிக்கும் உப்புத் துளிகளைக் காற்று ஊருக்குள் தூக்கி வருகிறது. தீவின் தென்கரையில் 2020இல் தம்பபவனி காற்றாலைப் பூங்காவின் 30 சுழலிகளை நிறுவக் காரணமான அதே காற்றுத்தான். பகலில் சுவர் காயும், இரவில் பனிக்கும், மறுபடி காயும். நனையும்போது உப்பு உள்ளே போகிறது. காயும்போது நீர் மட்டும் ஆவியாகி உப்பு தங்கிவிடுகிறது. இப்படி நாளுக்கு நாள் செறிவு கூடும். கடலுக்குள் முழுதாக மூழ்கிக் கிடக்கும் தூணைவிட, அலை தொட்டுவிட்டுப் போகும் மட்டத்திலுள்ள தூண் வேகமாகக் கெடுவதற்கு இதுதான் காரணம். மூழ்கிய இடத்தில் உப்பு ஏராளம், ஆனால் துரு வளர வேண்டிய ஒட்சிசன் குறைவு. அலை மட்டத்தில் இரண்டும் தாராளம்.

குளோரைட்டு கம்பியை எட்டி, அங்கே போதிய அளவு சேர்ந்ததும் படலம் புள்ளி புள்ளியாக உடைகிறது. பிறகு துரு. துரு தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். இடம் எங்கே? கொங்கிறீற்றைப் பிளந்துதான் அந்த இடத்தை அது உண்டாக்கிக்கொள்ள வேண்டும். தூண் வெடிப்பது வெளியிலிருந்து வந்த சுமையால் அல்ல, உள்ளிருந்து வரும் தள்ளலால்.

ஆகவே கரையோரக் கட்டடத்தின் ஆயுள் என்பது உப்பு மேற்பரப்பிலிருந்து கம்பிவரை நடந்து வர எடுக்கும் காலம். இந்த நடையில் நம் வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. உப்பு ஊடுருவும் ஆழம் காலத்தோடு நேராகக் கூடுவதில்லை. காலத்தின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது. 20 மில்லிமீற்றர் ஆழத்தை எட்ட 8 வருடம் எடுத்தால், 40 மில்லிமீற்றரை எட்ட 16 வருடம் அல்ல, 32 வருடம் எடுக்கும். கம்பிக்கு மேலுள்ள கொங்கிறீற் உறையை இரட்டிப்பாக்கினால் காலம் நான்கு மடங்காகிறது. இந்தியக் கட்டுமான நியமமான ஐஎஸ் 456, கரையோரச் சூழலுக்கு 45 மில்லிமீற்றர், கடல்நீர் தெறிக்கும் இடத்துக்கு 50, அலை ஏறி இறங்கும் மட்டத்துக்கு 75 என்று உறையை விதிப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். கம்பிக் கூட்டைப் பலகையோடு ஒட்ட வைத்துக் கொங்கிறீற் போடும் தளங்கள் எத்தனை! ஒரு விரல் அகலம் விட மறந்ததால் ஒரு தலைமுறை ஆயுள் போய்விடுகிறது.

உறையின் தடிப்பு ஒரு பக்கம். அந்த உறைக்குள் உப்பு எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது மறுபக்கம். சாம்பல் உதவிக்கு வருவது இங்கேதான்.

சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் அரைத்துச் சூளையில் 1450 பாகை செல்சியசில் எரித்தால் கிளிங்கர் என்ற கரிய உருண்டைகள் கிடைக்கும். அவற்றைச் சிறிது ஜிப்சத்தோடு அரைத்ததுதான் சாதாரண போட்லண்ட் சீமெந்து. தண்ணீர் பட்டதும் அதிலிருந்து இரண்டு பொருட்கள் பிறக்கின்றன. ஒன்று கல்சியம் சிலிக்கேற்று ஐதரேற்று; மணலையும் சல்லியையும் ஒட்டவைத்து வலிமை தரும் பசை இதுதான். மற்றது கல்சியம் ஐதரொட்சைட்டு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. இறுகிய சீமெந்தின் கனவளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் நான்கில் ஒரு பங்குக்கும் இடையில் இந்தச் சுண்ணாம்பு இருக்கும். வலிமைக்கு அதனால் பெரிய பயன் இல்லை. தண்ணீரில் மெல்லக் கரையக்கூடியது, கரைந்த இடத்தில் துளை விட்டுச் செல்லும். கடல்நீரிலுள்ள சல்பேற்றுக்கும் மக்னீசியத்துக்கும் முதலில் இரையாவதும் இந்தச் சுண்ணாம்புதான்.

நிலக்கரிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். நிலக்கரியோடு கலந்திருந்த மண் கனிமங்கள் உலையின் தீயில் உருகி, புகையோடு மேலே போகும்போது சடுதியாகக் குளிர்ந்து, நுண்ணிய கண்ணாடி உருண்டைகளாகின்றன. உருக்குலைந்த அந்தக் கண்ணாடி நிலையில் சிலிக்கா வேதிவினைக்கு ஆயத்தமாக இருக்கிறது. ஆற்று மணலும் சிலிக்காதான், ஆனால் அதன் அணுக்கள் படிகமாக அடுக்கப்பட்டவை. சுண்ணாம்போடு அது உறவாடாது. சாம்பல் உறவாடும். சீமெந்து கக்கிய சுண்ணாம்பைத் தண்ணீரின் துணையோடு எடுத்துக்கொண்டு, அதே பசையை, கல்சியம் சிலிக்கேற்று ஐதரேற்றை, மேலும் உண்டாக்கும். பயனற்ற சுண்ணாம்பு குறைகிறது, பசை கூடுகிறது, கூடிய பசை துளைகளுக்குள்ளேயே வளர்கிறது. பெரிய கண் வலையில் தப்பி ஓடும் மீன் சின்னக் கண் வலையில் அகப்படுவதுபோல, சிறுத்துவிட்ட துளைகளில் குளோரைட்டு தடுமாறுகிறது. சாம்பலிலுள்ள அலுமினா இன்னொன்றும் செய்கிறது: குளோரைட்டில் ஒரு பகுதியைப் பிரீடலின் உப்பு என்ற படிகமாகக் கட்டிப்போட்டு, கம்பிவரை போகவிடாமல் தடுக்கிறது.

இந்த வினைக்கு அவசரம் தெரியாது. சீமெந்து முதலில் இறுகிச் சுண்ணாம்பைக் கக்க வேண்டும், அதன் பிறகே சாம்பல் வேலையைத் தொடங்கும். முதல் கிழமையில் சாம்பல் கொங்கிறீற் பின்தங்கி நிற்கும். மூன்று மாதத்தில் சமமாகிவிடும், பல வேளைகளில் முந்தியும் விடும். அதற்குப் பிறகும் துளைகள் வருடக் கணக்கில் சிறுத்துக்கொண்டே போகும். "பிடிக்க நேரமாகுது" என்று மேசன்மார் சொல்வதில் பிழையில்லை. நேரமாவதைப் பலவீனம் என்று எடுத்துக்கொள்வதுதான் பிழை.

இலங்கைக்கு இந்தச் சாம்பல் கிடைப்பது மன்னாருக்குத் தெற்கே, அதே மேற்குக் கரையில், கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள நுரைச்சோலையிலிருந்து. லக்விஜய அனல்மின் நிலையத்தின் முதல் 300 மெகாவாற் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று அலகுகளோடு 900 மெகாவாற் ஆனது. ஆண்டுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி அங்கே எரிகிறது. புகையோடு பறக்கும் நுண்சாம்பலை மின்புலத்தால் ஈர்த்துப் பிடித்துச் சேர்க்கிறார்கள். சீமெந்து நிறுவனங்கள் அதை வாங்கிக்கொள்கின்றன. முற்றத்தில் குவிந்து கிடக்கும் சாம்பல் காற்றடிக்கும் காலத்தில் தங்கள் வயல்களிலும் வீடுகளிலும் படிவதாக அயல் கிராம மக்கள் பலமுறை முறையிட்டிருக்கிறார்கள். அந்தத் துயரத்தை நான் இலேசாகக் கடந்துபோக விரும்பவில்லை. ஒரு கைப்பிடிச் சாம்பல் சீமெந்துப் பைக்குள் போனால், அது ஒருவரின் சுவாசப்பைக்குள் போகவில்லை என்று பொருள்.

கடையில் வாங்கும் 50 கிலோ பையின் முகப்பைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். எஸ்எல்எஸ் 107 என்றிருந்தால் சாதாரண போட்லண்ட் சீமெந்து. எஸ்எல்எஸ் 1247 என்றிருந்தால் கலப்புச் சீமெந்து. 42.5 என்ற எண், இருபத்தெட்டாம் நாளில் பரிசோதனைக் கட்டி குறைந்தது 42.5 மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கும் என்ற உத்தரவாதம். இரண்டு வகைப் பைகளிலும் இதே எண்ணைக் காணலாம். ஆலையில் அளந்து, அரைத்து, சோதித்துக் கலந்த சாம்பலுக்கும், வீட்டு அடுப்பிலோ தெருக் குப்பையிலோ அள்ளிய சாம்பலுக்கும் சம்பந்தமே இல்லை. விறகுச் சாம்பலில் பெரும்பாலும் கல்சியமும் பொட்டாசியமும்தான்; சுண்ணாம்போடு வினைபுரியும் சிலிக்கா போதாது. நகரக் குப்பையை எரித்த நுண்சாம்பலில் குளோரைட்டே ஏராளம், பார உலோகங்களும் உண்டு. உப்பைத் தடுக்க உப்பையே உள்ளே வைத்துக் கட்டியதாக முடியும். கழிவு என்ற ஒரே பெயரின் கீழ் வருவதால் எல்லாம் ஒன்றாகிவிடாது.

கடலில் நீண்ட காலம் வைத்துப் பார்த்த சான்று உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அமெரிக்காவின் மெயின் மாநிலக் கரையில் ட்ரீற் தீவு என்றொரு சிறு தீவு இருக்கிறது. 1936 முதல் அமெரிக்க இராணுவப் பொறியியலாளர்கள் அங்கே கொங்கிறீற் கட்டிகளை அலை ஏறி இறங்கும் மட்டத்தில் வைத்து ஆண்டுக்கணக்கில் கவனித்துவருகிறார்கள். 1978 முதல் கனடாவின் கன்மெற் ஆய்வகம் சாம்பலும் கசடும் கலந்த கட்டிகளை அங்கே வைக்கத் தொடங்கியது. கால் நூற்றாண்டு கழித்து எடுத்து அறுத்துப் பார்த்தபோது, சாம்பல் கலந்தவற்றில் குளோரைட்டு இறங்கிய ஆழம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் அது பனி உறையும் கடல். நம்முடைய கடல் வருடம் முழுவதும் வெதுவெதுப்பானது, வெப்பம் கூடினால் உப்பின் நடையும் வேகமாகும். நமக்கு நெருங்கிய சான்றிடம் பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் ஓர் அரிமானச் சோதனை நிலையத்தை நடத்திவருகிறது. உலோகங்கள் மிக வேகமாக அரிக்கப்படும் கரைகளில் ஒன்று அது. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய இரயில் பாலத்தில் துருப்பிடிக்காத உருக்குக் கம்பி பயன்படுத்தியதும் அந்த அனுபவத்தின் விளைவு. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீற்றர் அளவு தூரந்தான்; காற்றும் உப்பும் இரண்டு கரைக்கும் ஒன்று.

ரோமரின் துறைமுகங்களை எடுத்துக்காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எரிமலைச் சாம்பலையும் சுண்ணாம்பையும் கலந்து கடலுக்குள் அவர்கள் போட்ட கொங்கிறீற் இரண்டாயிரம் வருடமாக நிற்கிறது, உண்மை. மேரி ஜாக்சனும் கூட்டாளிகளும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, கடல்நீரே அதற்குள் ஊறி அலுமினிய தொபர்மோரைற்று என்ற புதிய படிகங்களை வளர்த்திருப்பதைக் காட்டியது. ஆனால் ரோமர் கம்பி போடவில்லை. துருப்பிடிக்க அங்கே எதுவுமில்லை. நம் தூணை அவர்களின் அலைதடுப்போடு ஒப்பிடுவது பொருந்தாது. சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்தால் கடலில் கரையாத பசை பிறக்கும் என்ற ஒரு செய்தியை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இனித் தண்ணீருக்கு வருவோம்.

மன்னார்த் தீவின் நன்னீர், மணலுக்குள் தேங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதந்துகொண்டிருக்கிறது. மழை பெரும்பாலும் ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரைதான். கோடையில் கூடுதலாக இறைத்தால் கிணறு உவர்க்கும். இந்தத் தண்ணீர்தான் கலவைக்குள் போகிறது, கட்டிய பிறகு மேலே ஊற்றவும் படுகிறது. ஐஎஸ் 456 கம்பி போட்ட கொங்கிறீற்றுக்கான கலவைத் தண்ணீரில் ஒரு லீற்றருக்கு 500 மில்லிகிராம் குளோரைட்டு வரை அனுமதிக்கிறது. 250 மில்லிகிராமிலேயே நாக்குக்கு உவர்ப்புத் தெரியத் தொடங்கும். ஆகவே குடிக்கும்போது உவர்க்கும் தண்ணீர் சந்தேகத்துக்குரிய தண்ணீர்; வாயில் வைக்க முடியாத தண்ணீர் கலவைக்கு ஆகவே ஆகாது. கடல்நீரை ஊற்றிக் குழைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். ஒரு கனமீற்றர் கொங்கிறீற்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் தண்ணீர். லீற்றருக்கு 19 கிராம் வீதம் 3.4 கிலோ குளோரைட்டு. நியமம் அனுமதிக்கும் மொத்த அளவு 0.6 கிலோ. கம்பியைக் கட்டிய அன்றே அதன் முடிவையும் கட்டிவைத்ததாகிவிடும். கழுவாத கடல்மணலின் கதையும் இதுவே. மேற்குக் கரையில் கொழும்புப் பக்கம் கடலடி மணலை வாரிக் குவித்து, மழையில் உப்புக் கழுவிப்போக விட்டு விற்கிறார்கள். அங்கே மழை கழுவுகிறது. மன்னாரின் வறண்ட வானத்தை நம்பி அப்படிக் குவித்துவைக்க முடியாது.

அடுத்து, ஊற்றும் தண்ணீர். சாதாரண சீமெந்துக்கு ஏழு நாட்களாவது ஈரம் காக்க வேண்டும் என்றும், சாம்பல் போன்றவை கலந்த சீமெந்துக்குக் குறைந்தது பத்து நாட்கள், முடிந்தால் பதினான்கு நாட்கள் என்றும் ஐஎஸ் 456 சொல்கிறது. ஏன் என்பது முன்னரே சொன்னதிலிருந்து விளங்கும்: சாம்பல் பிந்தி வேலை தொடங்குகிறது, அது வேலைசெய்யத் தண்ணீர் தேவை. மூன்றாம் நாளே சோளகக் காற்றில் தளத்தைக் காயவிட்டால் மேல் 20, 30 மில்லிமீற்றர் பகுதியில் சாம்பல் வினைபுரியாமல், வெறும் மணலாக நின்றுவிடும். உப்பைத் தடுக்க வேண்டிய உறை அந்த மேற்பகுதிதான். உள்ளே திடமான கொங்கிறீற், வெளியே ஓட்டை உறை என்று முடியும். இப்படிக் காயவிட்டால் சாம்பல் கலந்த சீமெந்துதான் சாதாரண சீமெந்தைவிடக் கூடுதலாக நட்டப்படும். சாம்பல் சீமெந்தின் மேல் சொல்லப்படும் குறைகளில் பெரும்பகுதி இங்கிருந்தே கிளம்புகிறது என்பது என் கணிப்பு. மன்னாரில் அதே சீமெந்து கெட்டது, கண்டியில் கெடவில்லை என்றால், உப்போடு சேர்த்துத் தண்ணீரையும் விசாரிக்க வேண்டும்.

தண்ணீர் இல்லாத ஊரில் என்ன செய்வது? ஊற்றுவதைக் குறைத்து, ஆவியாவதைத் தடுக்கலாம். நனைத்த சணல் சாக்கை விரித்து அதன் மேல் பொலித்தீனை இறுக்கிப் போர்த்தினால் மிகக் குறைந்த தண்ணீரோடு வேலை முடியும். தூணின் பலகைகளை மறுநாளே கழற்றாமல் சில நாட்கள் விட்டுவைக்கலாம். பலகையே ஈரத்தைக் காக்கும். தளம் போடுவதைச் சோளகத்தில் வைக்காமல் மாரிக்குள், வாடைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கலவையை இளக்கமாக்கத் தண்ணீர் சேர்க்கும் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். சாம்பலின் உருண்டைத் துகள்கள் வழுக்கிக்கொடுப்பதால், சாம்பல் சீமெந்துக்குத் தண்ணீர் குறைவாகவே போதும். அந்த அனுகூலத்தை வாளித் தண்ணீரால் கெடுத்துக்கொள்ளக் கூடாது. உவர்த் தண்ணீரை மேலே ஊற்றுவது இன்னும் மோசம்: துளைகள் முழுதாய்த் திறந்திருக்கும் இளம் பருவத்திலேயே உப்பைப் பிடித்து உள்ளே தள்ளுகிறோம்.

போருக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் இந்திய உதவியில் எழுந்த வீடுகள் பல்லாயிரம். ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா தவணை முறையில் கொடுக்கப்பட்டது. 2012 ஒக்ரோபரில் தொடங்கிய பெரிய கட்டத்தில் குடும்பங்களே முன்னின்று கட்டின. மன்னார் மாவட்டத்திலும் அப்படி நிறைய வீடுகள். ஒரு தவணை வேலை முடிந்தால்தான் அடுத்த தவணை என்ற நிலையில் பதினான்கு நாள் தண்ணீர் காப்பது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பாரம் என்பதைக் கட்டியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். நியமத்தில் எழுதியிருப்பதைக் கிணற்றில் இல்லாத தண்ணீரால் நிறைவேற்ற முடியாது. உதவித் திட்டம் எதுவாக இருந்தாலும், கரையோரக் கிராமங்களுக்குக் கொங்கிறீற் போடும் இரண்டு கிழமைக்கு பவுசர் தண்ணீர் கொடுப்பதையும் திட்டச் செலவில் சேர்க்க வேண்டும். சீமெந்துப் பையில் மிச்சம் பிடிப்பதைவிட அது பயன் தரும்.

சாம்பல் சீமெந்தின் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்பைச் சாம்பல் எடுத்துக்கொள்வதால் காரத்தின் கையிருப்பு குறைகிறது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மெல்ல மெல்ல உள்ளே வந்து மிச்சமிருக்கும் காரத்தையும் நடுநிலையாக்கும்போது, சாம்பல் கொங்கிறீற்றில் அது சற்று வேகமாக நடக்கும். கடலை விட்டு உள்ளே தள்ளி, மடுப் பக்கத்து உலர்ந்த காட்டுக் கிராமங்களில், உப்பைவிட இதுவே கவனிக்க வேண்டியது. அங்கும் மருந்து அதேதான்: நல்ல உறை, நன்றாகக் காத்த ஈரம்.

கம்பி இல்லாத புளொக்கல் சுவரில் உவர் பூப்பது வேறு சங்கதி. அது துரு அல்ல, கல்லின் துளைகளுக்குள் உப்பு படிகமாகி மேற்பரப்பைத் தள்ளி உதிர்ப்பது. பையில் என்ன சீமெந்து என்பதைவிட, புளொக்கில் சீமெந்து எவ்வளவு, அத்திவாரத்தில் ஈரத்தடுப்புப் பட்டி உண்டா என்பதே அங்கே முக்கியம்.

நிலக்கரிச் சாம்பலோடு இந்தப் பேச்சு முடியவில்லை. கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நானாட்டான், முருங்கன் பக்கமெல்லாம் நெல் விளைகிறது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். ஒரு தொன் நெல்லுக்கு 40 கிலோ. அந்தச் சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 வரை சிலிக்கா. நெற்பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சி உமியில் சேர்த்துவைத்த சிலிக்கா அது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த இந்தியர் பி.கே. மேத்தா 1970களில் உமிச் சாம்பலைச் சீமெந்தில் சேர்க்கும் வழியை ஆராய்ந்து நிலைநாட்டினார். நிலக்கரிச் சாம்பலைவிட இது சுறுசுறுப்பானது, துளைகளை விரைவாகவே அடைக்கும். எல்லாம் எரிக்கும் விதத்தில் இருக்கிறது. 500 முதல் 700 பாகைக்குள் எரிந்தால் சிலிக்கா உருக்குலைந்த நிலையில் இருக்கும். அதற்கு மேல் வெகுநேரம் எரிந்தால் படிகமாகி மணலுக்குச் சமமாகிவிடும். குறைவாக எரிந்தால் கரி மிஞ்சும், கரி தண்ணீரைக் குடித்துவிடும். செங்கல் சூளையிலும் புழுங்கல் ஆலை அடுப்பிலும் எரியும் உமியின் சூட்டை யாரும் அளப்பதில்லை. அதனால் அந்தச் சாம்பலை இன்றைக்கு அப்படியே அள்ளிக் கலவையில் போடும்படி நான் சொல்லமாட்டேன்.

இன்னொரு பழைய வழி நம் தாத்தாக்கள் அறிந்தது: சுர்க்கி. சுட்ட செங்கல்லை இடித்த தூளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும் சாந்து கிடைக்கும். 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணை அப்படிக் கட்டியதுதான். அரிப்பில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்க்கக் கட்டிய மாளிகை, ஊரார் அல்லிராணிக் கோட்டை என்று சொல்வது, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்து இருநூறு வருடம் கடந்துவிட்டது. இன்று அதை வீழ்த்திக்கொண்டிருப்பது காலடி நிலத்தையே அரித்தெடுக்கும் கடல். சுட்ட களிமண்ணும் சாம்பலைப் போல உருக்குலைந்த சிலிக்காவும் அலுமினாவும்தான். உடைந்த ஓடும் இடிந்த செங்கல்லும் மன்னாரில் பஞ்சமில்லாத பொருள். நன்றாக அரைக்கும் இயந்திரம் ஒன்றே குறை.

நிலக்கரிச் சாம்பல் என்றைக்கும் கிடைத்துக்கொண்டிருக்கப் போவதில்லை. நிலக்கரியை விட்டு விலகுவது உலகத்தின் போக்கு. நுரைச்சோலையின் உலைகளும் ஒருநாள் அணையும். அந்த நாளுக்கான ஆயத்தமாகச் சுவிற்சர்லாந்தின் லோசான் கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்தில் கரேன் ஸ்கிரிவனரும், கியூபாவில் பெர்னாண்டோ மார்த்திரேனாவும், சென்னை, டெல்லி ஐஐடிகளின் ஆய்வாளர்களும் சேர்ந்து எல்சி3 என்ற சீமெந்தை வளர்த்திருக்கிறார்கள். பாதி கிளிங்கர், 30 வீதம் சுட்ட களிமண், 15 வீதம் சுண்ணாம்புக்கல் தூள், 5 வீதம் ஜிப்சம். களிமண்ணைச் சுட 700 முதல் 850 பாகையே போதும், கிளிங்கரைப் போல 1450 தேவையில்லை. காபனீரொட்சைட்டு வெளியேற்றம் ஏறக்குறைய 40 வீதம் வரை குறையும். சென்னை ஐஐடியின் சோதனைகளில் இந்தச் சீமெந்து குளோரைட்டைத் தடுப்பதில் மிகச் சிறப்பாக நின்றது, அதுவும் இளம் பருவத்திலேயே.

மன்னாருக்கும் சீமெந்துக்கும் களிமண் வழியாக ஒரு பழைய உறவு உண்டு. 1950இல் உற்பத்தி தொடங்கி 1990இல் போரால் நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அந்த மண்ணிலேயே கிடைத்தது. களிமண் முருங்கனிலிருந்து இரயிலில் போனது. முருங்கன் களி மழையில் வீங்கிக் கோடையில் வெடிக்கும் கரிய மண், மொன்மொரிலோனைற்று நிறைந்தது. எல்சி3க்கு உகந்தது கயோலினைற்று நிறைந்த களி; நூற்றுக்கு 40 பங்கு இருந்தாலே போதும். முருங்கன் மண் அந்த வகை இல்லை. ஆனால் மொன்மொரிலோனைற்றும் சரியான சூட்டில் சுட்டால் ஓரளவு வினைபுரியும், எவ்வளவு என்பதைச் சுட்டுப் பார்த்தே அறிய வேண்டும். குளங்களைத் தூர்வாரும்போது வெளியே கொட்டும் வண்டலையும் அதே சோதனைக்குள் கொண்டுவரலாம்.

அதற்குப் பெரும் செலவு தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், மன்னாரிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறது. எஸ்எல்எஸ் 107 சீமெந்து, எஸ்எல்எஸ் 1247 சீமெந்து, அளந்து எரித்த உமிச் சாம்பல், சுட்ட முருங்கன் களி, ஓட்டுத் தூள் என்று ஒவ்வொன்றிலும் கம்பி வைத்த கட்டிகளை வார்க்க வேண்டும். ஒரு பாதியைப் பதினான்கு நாள் நன்னீரில் ஆற்றியும், மறுபாதியை நம் ஊர்களில் நடப்பதுபோல மூன்றாம் நாளே காயவிட்டும். பிறகு தலைமன்னாரில் அலை ஏறி இறங்கும் மட்டத்தில் நட்டுவைத்து, சில வருடங்களுக்கு ஒருமுறை ஒன்றை எடுத்துப் பிளந்து, பிளந்த முகத்தில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைத் தெளித்தால், குளோரைட்டு எந்த ஆழம் வரை வந்திருக்கிறதோ அந்த ஆழம் வரை வெள்ளையாகத் தெரியும். அதை ஓர் அளவுகோலால் அளந்து, மன்னார் மேசன்மாரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்.